ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து

கேள்வி: எனக்கு வயது 58. ஆறு வருடமாகச் சுகர் இருக்கிறது. மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும் போட்டு வந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.4 வந்தது. டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையின் பின்னால் 'கிளிமிபிரைட் 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. எஸ்ஆர்' என்று இருப்பதாக மகன் படித்துச் சொன்னான். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும். பழைய மாத்திரையையும் விடாமல் சேர்த்தே எடுக்கிறேன். அப்போதிலிருந்து வயிறு சரியில்லை, அடிக்கடி போகிறது. போன மாதம் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போன அன்று, மாத்திரையைத் தவறவிடக் கூடாதே என்று காலை எட்டு மணிக்கு விழுங்கிவிட்டுப் போனேன். அங்கே கூட்டம். பத்தரை மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் மிட்டாய் கொடுத்தார். அன்றிலிருந்து பயந்துபோய் இரவு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். இதற்கு நடுவில் ஒரு நாள் மலத்தில் மாத்திரை முழுசாக வந்ததையும் பார்த்தேன். உடம்பில் சேரவே இல்லையா? இரண்டு மருந்து என்றால் நோய் முற்றிவிட்டதா? கிட்னி போய்விடும் என்கிறார்களே? எண் சரியானதும் நிறுத்திவிடலாமா? கால் விரல் நுனி மரத்துப்போகிறது, அது சுகரால்தானே டாக்டர்?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பயந்து கேட்டிருக்கிற கேள்விகளில் பலவற்றுக்கு நல்ல பதிலே இருக்கிறது. கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஒன்று, பழைய மாத்திரையைப் புதியதோடு சேர்த்து எடுப்பது. இன்னொன்று, இரவு மாத்திரையை உடைப்பது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் கையில் இருப்பதை நீங்கள் 'புது மாத்திரை' என்று ஒரு பொருளாகப் பார்க்கிறீர்கள். அதற்குள்ளே இருப்பது இரண்டு மருந்து. குணத்தில் இரண்டும் கிழக்கும் மேற்கும். அதில் ஒன்று உங்களுக்கு ஆறு வருடப் பழக்கம். மற்றொன்று வீட்டுக்குள் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எது எதைச் செய்கிறது என்று தெரிந்துவிட்டால், நீங்கள் கேட்டதற்கெல்லாம் முக்கால்வாசிப் பதில் உங்களுக்கே கிடைத்துவிடும்.

மெட்ஃபார்மினை முதலில் பார்ப்போம். நாம் சாப்பிடாத நேரத்திலும், தூங்கும்போதும், கல்லீரல் தன்னிடம் உள்ள சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோயில் அது அளவுக்கு மீறி விடும். அந்தக் குழாயைக் கொஞ்சம் திருகி மூடுவதுதான் மெட்ஃபார்மினின் முக்கிய வேலை. கூடவே, உடம்பில் ஏற்கெனவே இருக்கிற இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்க்கவும் உதவுகிறது. புதிதாக இன்சுலினைச் சுரக்கச் சொல்வதில்லை. அதனால் மெட்ஃபார்மினை மட்டும் எடுக்கிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது மிக மிக அரிது. ஒரு வேளை சாப்பிடத் தாமதமானாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆறு வருடம் உங்களுக்கு அப்படித்தான் போயிருக்கிறது.

கிளிமிபிரைட் வேறு ஜாதி. அது சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொன்னால் அதன் குணம் உங்களுக்கு மறக்காது. 1942இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் மார்செல் ஜான்பான் என்ற மருத்துவர், டைஃபாய்டு நோயாளிகளுக்குச் சல்ஃபா வகை மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சலுக்காகக் கொடுத்த மருந்து, நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தபோதுதான் சர்க்கரை நோய்க்கு இந்த வகை மாத்திரைகள் பிறந்தன. அதாவது 'லோ சுகர்' என்பது இந்தக் குடும்பத்தின் பிறவிக் குணம். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினை வெளியே விட வைப்பது அதன் வேலை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

இப்போது அந்தக் காலை நேரத்தைத் திரும்பிப் பாருங்கள். எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. கிளிமிபிரைட் விழுங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். இன்சுலின் சுரந்துவிட்டது, வயிற்றிலோ ஒன்றும் இல்லை. பத்தரை மணிக்கு வியர்வை, நடுக்கம், கண் இருட்டல். அந்த நேரம் யாரும் அளந்து பார்க்கவில்லை என்றாலும் அது தாழ்நிலைச் சர்க்கரை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. சாப்பாடு இல்லாமல் உள்ளே போன மாத்திரை அது. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் போகிற நாளில் மாத்திரையைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பிட உட்காரும்போது போடுங்கள். சாப்பிட்ட பின் எடுக்கிற இரண்டாவது ரத்தத்துக்கு, வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை என்று இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இதை உங்களுக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது மருத்துவம் பார்க்கிற எங்கள் தரப்பின் குறை.

'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைப் படித்துவிட்டு அரை மணி, முக்கால் மணி முன்னாடியே விழுங்கிவிடுகிறவர்கள் பலர். அதற்குள் தொலைபேசி வரும், விருந்தாளி வருவார், சாப்பாடு தள்ளிப்போகும். மெட்ஃபார்மினை உணவோடு எடுத்தால்தான் வயிற்றுக்கு நல்லது. கிளிமிபிரைடை உணவு தொடங்கும்போது எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் கிடைக்கிற விதி எளிது: தட்டு முன்னால் வரட்டும், முதல் வாய்க்கு முன் மாத்திரையைப் போடுங்கள். தட்டு வரவில்லை என்றால் மாத்திரையும் வேண்டாம். போட மறந்து, சாப்பிட்டு முடிக்கும்போது ஞாபகம் வந்தால் அப்போதே போட்டுக்கொள்ளலாம். மணிக்கணக்கில் கழித்து ஞாபகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். விட்டதற்கும் சேர்த்து அடுத்த வேளை இரண்டாகப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

அடுத்து, நீங்கள் சேர்த்து எடுக்கிற பழைய மாத்திரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய மாத்திரையில் மெட்ஃபார்மின் 500, ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஆக 1000. பழையது 500, இரண்டு முறை, இன்னொரு 1000. மொத்தம் 2000 மில்லிகிராம். ஆறு வருடமாக 1000 எடுத்துப் பழகிய வயிற்றில், ஒரே நாளில் இரட்டிப்பு இறங்கியிருக்கிறது. எஸ்ஆர் வகையில், அதாவது மருந்தை மெதுவாக விடும் மாத்திரையில், ஒரு நாளைக்கு வழக்கமாகக் கொடுக்கிற உச்ச அளவே ஏறக்குறைய 2000தான். கிட்னி நன்றாக இருந்தால் இந்த அளவு விஷமாகிவிடாது, பதற வேண்டாம். ஆனால் இரண்டு மாதமாக நீங்கள் படுகிற வயிற்றுப் பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். மெட்ஃபார்மினை வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றுவதே வயிறு பழகட்டும் என்றுதான். உங்கள் டாக்டர் பழையதற்குப் பதிலாகத்தான் புதியதை எழுதியிருப்பார் என்பது என் ஊகம். ஊகத்தை வைத்து மருந்து எடுக்க வேண்டாம். இன்றைக்கே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, 'பழைய மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

உங்களுக்கு இரட்டிப்பானது மெட்ஃபார்மின் என்பதால் வயிற்றோடு போயிற்று. கிளிமிபிரைட் இரட்டிப்பாகியிருந்தால் கதையே வேறு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பெரியவரை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை 34. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார், பேசினார். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பும் யோசனை வந்தபோது மூத்த மருத்துவர் தடுத்தார். அவர் தடுத்தது சரி. மதியத்துக்குள் சர்க்கரை மறுபடி இறங்கியது, இரவில் இன்னொரு முறை இறங்கியது. இந்த மருந்து ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை பார்க்கும். மறுநாள் அவருடைய மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தார். இரண்டு அட்டைகள் விழுந்தன. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி நிறம். இரண்டு வெவ்வேறு கம்பெனி, இரண்டு வெவ்வேறு பெயர். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்துகள். இரண்டு இடத்தில் வைத்தியம் பார்த்தவருக்கு ஒன்று இங்கே எழுதியது, ஒன்று அங்கே எழுதியது. பெரியவர் பிழைத்தார். அன்றிலிருந்து, யார் மாத்திரை அட்டையோடு வந்தாலும் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பேன்.

அதனால், முன்பக்கத்துப் பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர். அது உங்களுக்கு முக்கியம் இல்லை. பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் உள்ளதுதான் மருந்து. அந்த இரண்டு பெயரையும், அவற்றின் அளவையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, மாத்திரை வைக்கிற இடத்தில் ஒட்டிவையுங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் இந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். பெயருக்குப் பின்னால் வருகிற 1, 2 என்ற எண்களையும் பாருங்கள். ஒரே பெயரில் 1 என்றால் கிளிமிபிரைட் ஒரு மில்லிகிராம், 2 என்றால் இரண்டு. பெட்டியின் நிறமும் வடிவமும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கலாம். அவசரத்தில் மாறிப்போனால் உங்கள் அளவு இரட்டிப்பாகிவிடும்.

உடைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எஸ்ஆர் என்றால் மருந்து மெதுவாக வெளியேறும்படி செய்த மாத்திரை. வயிற்றில் தண்ணீர் பட்டதும் அது ஊறி, கூழ் மாதிரி உப்பி, மணிக்கணக்கில் மெட்ஃபார்மினைச் சொட்டுச் சொட்டாக விடும். கத்தியால் வெட்டினால் அந்த அமைப்பே கெட்டுவிடும், மருந்து வேகமாக வெளியே வரும், வயிறு இன்னும் கலங்கும். இன்னொன்றும் இருக்கிறது. மாத்திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இந்த ஜோடியில் பல மாத்திரைகள் இரண்டு அடுக்காக இருக்கும், ஒரு அடுக்கு ஒரு நிறம், மற்றது இன்னொரு நிறம். ஒன்றில் கிளிமிபிரைட், ஒன்றில் மெட்ஃபார்மின். ஒரு மில்லிகிராம் என்பது உப்புக் கல் அளவுகூட இல்லாத சங்கதி. உடைத்த இரண்டு துண்டில் எதில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் குறைவாகப் போகும், மறுநாள் கூடுதலாகப் போகும். எந்தப் பயத்தால் உடைக்கிறீர்களோ அந்த ஆபத்தை அதுவே கூட்டிக்கொண்டு வரலாம். உங்கள் பயம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கலாம். இரவு வேளையில் மட்டும் அதை எடுத்துவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் கொடுக்கலாம். அல்லது லோ சுகர் வராத வேறு ஜோடிக்கு மாற்றலாம். மூன்றுமே டாக்டர் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கக்கூடியவை. கூட்டு மாத்திரையின் ஒரே பெரிய குறை இதுதான்: ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் மாத்திரையையே மாற்ற வேண்டும், வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. அதன் நிறையும் சின்னதல்ல. விழுங்க வேண்டிய எண்ணிக்கை குறைவதால் மறதி குறைகிறது.

மலத்தில் வந்தது மாத்திரை அல்ல, அதன் கூடு. ஊறி உப்பிய கூழிலிருந்து மருந்து முழுதும் உடம்புக்குள் போன பிறகு, மிஞ்சிய சக்கை அதே வடிவத்தில் வெளியே வருகிறது. எஸ்ஆர் மாத்திரையில் இது சகஜம். 'சேரவில்லை' என்று நினைத்து இன்னொன்று போட்டுவிடாதீர்கள். கடும் வயிற்றுப்போக்கு இருக்கும்போது, ஊறாமல் கெட்டியாக வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நோய் முற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிகிறது. அது வேண்டாம், அம்மா. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு உண்டு, யுகேபிடிஎஸ் என்பார்கள். சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கிறது என்று அது காட்டியது. பிறகும் அது வருடா வருடம் கொஞ்சம் குறைகிறது. ஒரே மருந்தை வைத்து இலக்கைப் பிடிக்க முடிந்தவர்கள் மூன்றாம் வருடத்தில் பாதிப்பேர், ஒன்பதாம் வருடத்தில் நாலில் ஒருவர். நீங்கள் ஆறு வருடம் ஒரே மருந்தில் ஓட்டியிருக்கிறீர்கள். இப்போதெல்லாம் சிலருக்கு முதல் நாளிலிருந்தே இரண்டு மருந்தாகத் தொடங்குகிறோம். இரண்டாவது மருந்து வந்தது நீங்கள் எதிலோ தோற்றதால் அல்ல, இந்த நோயின் போக்கே அப்படி.

கிட்னி விஷயத்தில் ஊர் ஊராகப் பரவியிருக்கிற பயம் ஒன்று உண்டு, அது பல பேரை மருந்தை நிறுத்த வைத்திருக்கிறது. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. பிறகு ஏன் டாக்டர்கள் அடிக்கடி கிட்னி பரிசோதனை எழுதுகிறார்கள்? மெட்ஃபார்மின் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிட்னி வேறு காரணத்தால் பலவீனமானால், மருந்து உள்ளேயே தேங்கும். அப்படித் தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுகிற ஆபத்து உண்டு. அது அரிதானது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தவிர்க்கத்தான், கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைப் பார்க்கிறோம். 60க்கு மேல் இருந்தால் நிம்மதி. 45க்குக் கீழே வந்தால் அளவைக் குறைக்கிறோம். 30க்குக் கீழே மெட்ஃபார்மின் கூடாது. கிட்னி பலவீனமாகும்போது கிளிமிபிரைடின் பிடியும் இறுகும், லோ சுகர் எளிதில் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண் எவ்வளவு என்று எழுதவில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது அதைப் பார்க்க வேண்டும். எங்காவது சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், மெட்ஃபார்மின் எடுக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்கு அதை நிறுத்திவிட்டு, 48 மணி நேரம் கழித்துக் கிட்னியைப் பார்த்த பிறகே திரும்பத் தொடங்குவோம்.

கால் விரல் மரப்பு சுகரால் இருக்கலாம். ஆனால் அப்படியே முடிவு கட்டிவிடாதீர்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுக்கிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது, அதன் அறிகுறியும் இதே மரப்பாக இருக்கலாம். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை போதும். குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரிசெய்துவிடலாம், மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. சுகர்தான் காரணம் என்று விட்டுவிட்டால், சரியாகக்கூடிய நரம்பும் கெட்டுப்போகும். இதைக் கட்டாயம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி, அந்த நடுக்கம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீர் பசி, வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், வார்த்தை குழறுவது, இதில் எது வந்தாலும் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் தாழ்நிலை. மீட்டர் கையில் இல்லை என்றால் அளந்து பார்க்கக் காத்திருக்க வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தது, அல்லது அரை டம்ளர் பழச்சாறு, உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு, ஒரு வேளைச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால், அந்தப் பெரியவருக்கு ஆனதுபோல ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கும். சாக்லெட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவசர உதவியை அழைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுக்கிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். அவர்களுக்கு வியர்வை ஒன்றுதான் மணி அடிக்கும். அகார்போஸ், வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை எடுக்கிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

வேறு நோய்க்கு மருந்து எழுதி வாங்கும்போதும் 'கிளிமிபிரைட் எடுக்கிறேன்' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், சில ஆன்டிபயாடிக்குகள் (கிளாரித்ரோமைசின், கோட்ரைமாக்சசோல், லெவோஃப்ளாக்சசின்) எல்லாம் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஸ்டீராய்டு கொடுத்தால் நேர் எதிராகச் சர்க்கரை எகிறும். மது இரண்டு மருந்துக்கும் ஆகாது.

காய்ச்சல், வாந்தி, பேதி என்று சாப்பிட முடியாமல் கிடக்கும் நாட்கள் தனி. உடம்பில் தண்ணீர் வற்றினால் கிட்னி சுணங்கும், மெட்ஃபார்மின் தேங்கும். சாப்பாடு இல்லாவிட்டால் கிளிமிபிரைட் சர்க்கரையை இறக்கும். அப்படிப்பட்ட நாளில் அன்றே டாக்டரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் திரும்ப ஆரம்பிப்போம். நிறுத்தியிருக்கும்போதும் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்க வேண்டும், காய்ச்சலே அதை ஏற்றிவிடும். உங்களுக்கு இப்போது இருக்கிற வயிற்றுப்போக்கையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காமல் நேரில் போய்விடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு பத்தி. உங்கள் அட்டையின் முதுகில் வேறு ஜோடி இருக்கலாம். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின் என்று 'க்ளிப்டின்' என முடிகிறவை மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் லோ சுகர் அநேகமாக வராது. விடாத கடும் வயிற்று வலி வந்தால் மட்டும் கணைய அழற்சியா என்று பார்க்க வேண்டும். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இதயத்துக்கும் கிட்னிக்கும் அதில் தனி நன்மை உண்டு. பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம், தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். குமட்டல், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டினாலும் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம், ஆகவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பையோக்ளிட்டசோன் உள்ள மாத்திரை என்றால், காலில் நீர் கோர்த்து மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அது கூடாது.

எண் சரியானதும் நிறுத்தலாமா என்ற கேள்வி பாக்கி. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. மாத்திரை போட்டதால் வந்த 7ஐப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால், மூன்று மாதத்தில் பழைய 8.4 திரும்பி வந்து நிற்கும். எடை குறைந்து, நடை கூடி, உணவு மாறி, எண் தொடர்ந்து நல்லபடியாக இருந்தால் அளவைக் குறைக்க முடியும். அதிலும் முதலில் குறைப்பது கிளிமிபிரைடைத்தான். பலருக்கும் 7ஐ ஒட்டிய எண் போதும். வயதானவர்களுக்கும் லோ சுகர் அடிக்கடி வருகிறவர்களுக்கும் 8 வரை விட்டுக்கொடுப்பதுண்டு. தாழ்நிலைக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்குகிற அழகான எண் யாருக்கும் வேண்டாம்.

இந்த வாரத்திலேயே உங்கள் டாக்டரைப் பாருங்கள். அதுவரை பழைய மாத்திரை வேண்டுமா, இரவு வேளை என்ன செய்வது என்பதை அவரிடம் தொலைபேசியில் கேட்டு நடங்கள், இனி உடைக்காதீர்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், பாதி காலியானவற்றையும், ரத்த அழுத்தத்துக்கு, மூட்டு வலிக்கு என்று வாங்கியவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தூங்கும் முன் என்று மூன்று நாளாவது அளந்து எழுதிய தாளும் இருக்கட்டும். லோ சுகர் வந்த கதையைச் சொல்லுங்கள். மாத்திரையை உடைத்ததையும் தயங்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. அதை மறைத்துவிட்டால், அடுத்த எச்பிஏ1சி கூடுதலாக வரும்போது முழு மாத்திரையே போதவில்லை என்று நினைத்து அவர் கிளிமிபிரைடை 2 மில்லிகிராம் ஆக்கிவிடுவார்.